களவெட்டியிலிருந்து கைபேசித் திரை வரை: அம்பாறைக் கரையோரத்தில் 'சந்தோசம்' கொடுக்கும் வழக்கின் வரலாறு

உணவகத்தில் பரிமாறியவருக்கு விலைக்கு மேலாகக் கொடுக்கப்பட்டு வந்த சிறு தொகை, அண்மைக் காலத்தில் உணவகத்தைத் தாண்டி எல்லாத் தொழில்களுக்கும் பரவிவிட்டது என்ற முறைப்பாடு மேலைநாட்டு எழுத்துகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. ஐந்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடக் கூடுதலான இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதாக ஐக்கிய அமெரிக்காவில் 72 சதவீதமானோர் கருதுவதைப் பியூ ஆய்வு மையத்தின் 2023ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பு காட்டிற்று. முதலில் உணவகம், பிறகு ஏனைய தொழில்கள் என்ற இந்த வரிசை இலங்கையின் தென்கிழக்குக் கரையோரத்துக்குப் பொருந்தவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் இவ்வழக்கம் வயலிலும் வீட்டு வாசலிலும் வேரூன்றி, அரச உத்தியோகத்தின் நிழலில் வளர்ந்து, உணவகத்துக்கு மிகப் பிந்தியே வந்து சேர்ந்தது. ஆகவே இங்கு ஆராயவேண்டியது வழக்கம் எங்கெல்லாம் பரவியது என்பதைவிட, அதைக் கேட்கும் வாய் யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்பதேயாகும்.

பேசி முடித்த கூலிக்கோ குறித்த விலைக்கோ மேலாக, வேலை செய்தவரின் கையில் நேரே சேரும்படி, கொடுப்பவரின் விருப்பத்தின் பெயரால் கொடுக்கப்படும் பணமோ பண்டமோ இக்கட்டுரையில் 'சந்தோசம்' எனப்படுகிறது. இலங்கைப் பேச்சுவழக்கில் டிப்சுக்கு நிகராக வழங்கும் இதையே சிலர் இனாம் என்றும் தேத்தண்ணிக் காசு என்றும் சொல்வர். 'விருப்பத்தின் பெயரால்' என்று வரையறுப்பதற்குக் காரணம் உண்டு. கொடுக்காதவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் ஊர் அவரைக் கஞ்சன் என்று குறித்து வைத்துக்கொள்ளும். சட்டம் கேட்காததை ஊர் கேட்கும் அந்த இடைவெளியிலேயே இவ்வழக்கம் எப்போதும் வாழ்ந்து வந்திருக்கிறது.

கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று என்று பழைய நிருவாகம் பிரித்து வைத்திருந்த இந்நிலப்பரப்பில் செல்வம் என்பது பெரிதும் நெல்லே. போடியார் எனப்பட்ட நிலவுடைமையாளர், அவருக்காக வயலைப் பொறுப்பேற்று ஆட்களை நடத்தும் முல்லைக்காரர், அவரின் கீழ் உழைக்கும் வயற்காரர் என்ற அடுக்கில் வேளாண்மை நடந்தது. சூடடிக்கும் களமாகிய களவெட்டியில் எருமைகள் மிதித்துப் பிரித்த நெல் 'பொலி'யாகக் குவிந்ததும், அதன்மீது உரிமை உள்ளவர்களோடு எதிர்பார்ப்பு மட்டுமே உள்ளவர்களும் வந்து சேர்ந்தனர். வயற்காரருடைய பங்கு முன்னரே பேசப்பட்டது. மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, நீர் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒன்று என்று ஸகாத் எனும் கட்டாயக் கொடையை இஸ்லாமிய மார்க்கம் விதித்தது. வண்ணார், நாவிதர், கொல்லர் போன்றோர் ஆண்டு முழுவதும் செய்த பணிக்காக வழக்கப்படி அளக்கப்பட்ட நெல், பேசிய கூலியாகவும் முழுமையாக எண்ணப்படாமல், தருமமாகவும் கருதப்படாமல் இடையில் நின்றது. முஸ்லிம் ஊர்களில் சவரமும் விருத்தசேதனமும் செய்துவந்த ஒஸ்தாமார், வைபவ வீடுகளில் பெற்றுக்கொண்டதும் இவ்வகையினதே. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே நிகழ்த்திய நெடுங்கால ஆய்வு 2008இல் நூலாக வெளிவந்தபோது, தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் குடி, தொழில், சடங்கு உரிமைகள் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன என்பது விரிவாகப் பதிவாயிற்று.

இம்முறை கிழக்கிலங்கைக்கு மட்டும் உரியதன்று. செங்கற்பட்டுப் பகுதிக் கிராமங்களில் 1767 முதல் 1774 வரை தோமஸ் பார்னார்ட் நடத்திய அளவீடு, அரசுக்கும் உழவருக்கும் விளைச்சலைப் பங்கிடுவதற்கு முன்பே கணக்கர், காவற்காரர், கொல்லர், தச்சர், கோயிற்பணியாளர் எனப் பலருக்கும் மேரை, சுதந்திரம் என்ற பெயர்களில் நெல் ஒதுக்கப்பட்டதைக் காட்டுகிறது. அங்கே அது கணக்கில் ஏறிய உரிமை. கேட்டு வாங்கும் அவசியம் எவருக்கும் இருக்கவில்லை. கேட்கத் தேவையற்ற கொடைக்கும் கேட்டுப் பெறும் கொடைக்கும் உள்ள இந்த வேறுபாடே பின்னால் வரும் வரலாற்றுக்குத் திறவுகோல் ஆகும்.

கேட்டுப் பெறுவதற்கும் ஒரு நாகரிகம் இருந்தது என்பதற்கு நோன்பு மாதத்துப் பாவாமார் நல்ல சான்று. றிபாயி தரீக்காவைச் சார்ந்த இப்பக்கீர்கள், நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாவின் பெயரால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நிகழும் கொடியேற்ற விழாவில் றாத்திபு எனும் பக்திச் சடங்கை நிகழ்த்துபவர்களாகப் பெரிதும் அறியப்பட்டவர்கள். ஆனால் ஊர் மக்களோடு அவர்களுக்குள்ள அன்றாட உறவு நோன்பு மாதத்திலேயே நெருங்கிற்று. பின்னிரவில் றபான் தட்டிப் பைத்துப் பாடித் தெருத்தெருவாகச் சென்று, ஸஹர் உணவுக்கு ஆட்களை எழுப்பிய பாவா, அந்த முப்பது இரவுகளில் எந்த வாசலிலும் நின்று காசு கேட்பதில்லை. பெருநாளை ஒட்டியே வீடு வீடாக வருவார். வீட்டுக்காரரும் தம் வசதிப்படி அரிசியோ பணமோ கொடுப்பார். பணி முழுதாக முடிந்திருந்தது, பணியாளரை ஊர் அறிந்திருந்தது, கேட்பதற்கென்று ஆண்டில் ஒரு நாள் இருந்தது. எழுப்பொலி வைத்த கைபேசி தலைமாட்டுக்கு வந்த பிறகும் பல வீடுகள் பாவாவுக்குக் கொடுப்பதை நிறுத்தாதது, பெற்ற பயனை அளந்து மட்டும் இக்காசு கொடுக்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

பிரித்தானிய ஆட்சி இவ்வழக்கை வேறொரு தளத்துக்குக் கொண்டு சென்றது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், வயல் நீர் தொடர்பான பழைய ஊர் வழக்காறுகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்திய பணிகளும் அக்காலத்துக்குரியவை. வாய்க்காலைக் காத்து நீரைப் பங்கிடும் வட்டை விதானைக்கு ஊதியம் திறைசேரியிலிருந்து வரவில்லை. வயற்காரர் அளக்கும் நெல்லிலிருந்தே வந்தது. கிராமத் தலைமைக்காரர்களும் பெரும்பாலும் மாதச் சம்பளத்தை நம்பி வாழவில்லை. கழிவுகளும் வழக்கப்படியான வரும்படிகளும் அவர்களைத் தாங்கின. செலவில்லாமல் நிருவாகம் நடத்த விரும்பிய அரசு, தன் ஊழியரின் வயிற்றை ஊரின் கையில் ஒப்படைத்தது எனலாம். வழக்கமான நெல்லுக்கும் முன்கூட்டியே நீர் பெறுவதற்காகக் கொடுக்கும் நெல்லுக்கும் இடையே கோடு மங்குவதற்கு அதைவிட வேறு ஏற்பாடு தேவைப்படவில்லை. நெல்வரி 1892இல் ஒழிந்தது. கிராமத் தலைமைக்காரர் முறை 1963இல் நீக்கப்பட்டுச் சம்பளம் பெறும் கிராம சேவகர் வந்தார். நூற்றாண்டுப் பழக்கமோ சட்டத்தோடு கூடவே ஒழிந்துவிடவில்லை.

இலஞ்சத்துக்கும் சந்தோசத்துக்கும் இடையிலான எல்லையை 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் அரச ஊழியரைப் பொறுத்தவரை இறுக்கிற்று. அதன் இடத்தை இப்போது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டம் பெற்றுள்ளது. ஆயினும் இப்பகுதி முஸ்லிம்களுக்கு இவ்விவாதம் 1954இல் தொடங்கியதன்று. ஸகாத் திரட்ட அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தபோது, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபிகளார் வினவியதாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளும் பதிவு செய்கின்றன. ஜும்ஆ மேடைகளில் பலமுறை எடுத்துரைக்கப்படும் இச்செய்தி, கொடை ஆளுக்கா பதவிக்கா என்று பிரித்தறியும் கூர்மையான அளவுகோலைத் தருகிறது. கூலியை முன்கூட்டியே தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற பிக்ஹு (இஸ்லாமியச் சட்டவியல்) விதியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கூலி நிறைவாகப் பேசப்பட்ட இடத்தில் மேலதிகக் கொடை ஹதியா, அதாவது மனமுவந்த அன்பளிப்பு, ஆகிறது. கூலியே குறைவாக வைக்கப்பட்ட இடத்தில் அதே கொடை கூலியின் மிச்சமாகிவிடுகிறது.

உணவகம் சார்ந்த டிப்ஸ் வழக்கத்தின் வரலாறு வேறு திசையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் செல்வர் வீடுகளுக்கு விருந்து சென்றவர்கள், விடைபெறும்போது வரிசையாக நின்ற பணியாட்களுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஜோனஸ் ஹான்வே போன்றோர் இதைக் கண்டித்து எழுத, கனவான்கள் ஒன்றுகூடி இதை நிறுத்த முயன்றபோது, 1764இல் லண்டன் ரனிலா பூங்காவில் பணியாட்கள் கலகம் செய்தனர். அவ்வழக்கம் உள்நாட்டுப் போருக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவில் பரவியபோது, புல்மன் நிறுவனத்தின் இரயில் பெட்டிகளில் பணிசெய்த கறுப்பின ஊழியர்கள் சொற்பச் சம்பளமும் பயணிகளின் காசுமாக வாழ வைக்கப்பட்டனர். வாசிங்டன் மாநிலம் 1909இல் டிப்சைத் தடைசெய்தது. வேறு சில மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 1926க்குள் அத்தடைகள் யாவும் நீங்கின. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த கூட்டாட்சிச் சம்பளம் 1991 முதல் மணிக்கு 2.13 டொலராகவே நிற்கிறது. மீதியை வாடிக்கையாளர் நிரப்புவார் என்பதே அச்சட்டத்தின் எடுகோள். பிரித்தானியத் தலைமைக்காரர் முறையோடு இதனை ஒப்பிடுபவருக்கு, இரண்டிலும் ஒரே கணக்கு வேலை செய்வது புலப்படும்.

இலங்கைக்கு இந்த இரண்டாவது மரபு வாடிவீடுகள் வழியாகவும் கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் வழியாகவும் வந்தது. வீதியோரங்களில் அரசு அமைத்த வாடிவீடுகளில் தங்கிய உத்தியோகத்தரும் தோட்டத்துரைமாரும் கட்டணத்துக்கு மேலாகச் சமையற்காரனுக்கும் ஏவலாளுக்கும் சில்லறை விட்டுச் சென்றனர். உல்லாசப் பயணத்துறை 1966இல் சபையும் சட்டமும் பெற்று வளர்ந்தபின், பில்லில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ப்பது பெரிய ஹோட்டல்களின் வழக்கமாயிற்று. கல்முனைத் தேநீர்க்கடையும் சாப்பாட்டுக்கடையும் நெடுங்காலம் இதற்கு வெளியே நின்றன. முதலாளியே கல்லாவில் இருக்க, அவரது உறவுக்காரப் பொடியனே தேத்தண்ணி கொண்டுவரும் கடையில், மிச்சக் காசைத் தட்டில் விட்டெழுவது மரியாதையாக அன்றி அலட்டலாகவே பட்டது. இந்நிலையை அசைத்தவை இரண்டு. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றவர்கள், அங்கே ஹோட்டல்களிலும் வாகனங்களிலும் பக்சீஸ் என்னும் வருவாயோடு பழகித் திரும்பினர். மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள பொத்துவில் அறுகம்பையோ, அலைச்சறுக்குப் பருவமாகிய ஏப்பிரல் முதல் ஒக்டோபர் வரை வெளிநாட்டார் வரும் இடமாகி, குறிப்பாக 2009இல் போர் முடிந்த பின்னர், ஓட்டோ சாரதி முதல் அலைச்சறுக்குப் பயிற்றுநர் வரை பலருக்கும் டிப்சை வருமானத்தின் எதிர்பார்க்கத்தக்க பகுதியாக்கிற்று.

இதற்கிடையே களவெட்டி மறைந்தது. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து மூடையாக்கிக் கொடுக்க, வியாபாரி வரம்பிலேயே விலை பேசி ஏற்றிச் செல்ல, பலர் வந்து கூடிப் பங்கு பெற்ற பொலி இல்லாமற் போயிற்று. நெல்லாகக் கிடைத்தது காசாக மாறி, ஆண்டுக்கொருமுறை கிடைத்தது அன்றாடம் கேட்கப்படுவதாயிற்று. திருமண மண்டபத்தில் பரிமாறுபவர், கந்தூரிச் சமையலின் உதவியாள், பொதி கொண்டுவரும் இளைஞர், பெற்றோல் நிரப்புபவர், வைத்தியசாலையில் சக்கர நாற்காலி தள்ளுபவர் எனக் கேட்பவர் பெருகினர். பஸ்ஸில் மிச்சம் கொடாமல் விடுவதையும் சிலர் இதில் சேர்ப்பர்; ஆனால் கொடுப்பவரின் சம்மதம் கேளாமல் எடுக்கப்படுவதைச் சந்தோசம் என்பது அச்சொல்லைக் கெடுப்பதாகும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் சம்பளத்தின் பெறுமதி சரிந்தபோது, இக்கேட்டல்களின் தொனியும் மாறியது.

கைபேசித் திரை இம்மாற்றத்தின் இன்னொரு படி. பெருநகரங்களில் வாடகை வாகனத்துக்கும் உணவு விநியோகத்துக்கும் உரிய செயலிகள், டிப்ஸ் தொகைகளைத் தாமே நிரல்படுத்திக் காட்டுகின்றன. இந்தியாவில் சில செயலிகள், வண்டி விரைவில் வரவேண்டுமானால் முன்கூட்டியே டிப்ஸ் சேர்க்குமாறு கேட்டதையடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் ஊபர் நிறுவனத்துக்கு அறிவித்தல் அனுப்பிற்று. அதே ஆண்டு மார்ச்சில், சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்க முடியாது என்ற ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டலை டில்லி உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருந்தது. பணி தொடங்குமுன்னரே கேட்கப்படும் சந்தோசம், நீர் முந்திக் கிடைப்பதற்காக வட்டை விதானைக்கு அளந்த நெல்லின் மறுபிறப்பு என்று கூறுவது மிகையாகாது. பாவா முப்பது இரவு உழைத்துவிட்டுக் கேட்டதைச் செயலி முதல் நொடியிலேயே கேட்கிறது. அத்தோடு, கேட்பது உழைத்தவரின் வாயுமன்று. அவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டிய, அல்லது கொடுப்பதிலிருந்து தப்பிக்கொண்ட, நிறுவனத்தின் வாய்.

இலங்கையின் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தால் 10,000 ரூபாயாக விதிக்கப்பட்டு, படிப்படியாக உயர்ந்து, 2025 ஏப்பிரலில் 27,000 ரூபாயையும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயையும் எட்டியது. ஒரு குடும்பத்தின் மாதச் செலவோடு ஒப்பிட்டால் இத்தொகை சிறிதே. எனவே கேட்கும் தொழிலாளியைக் குறைகூறுவது பிழையான இடத்தில் வைக்கும் பழி ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், டிப்சும் சேவைக் கட்டணமும் முழுமையாக ஊழியரைச் சென்றடையவேண்டும் என்றும், பங்கீட்டு முறை எழுத்தில் இருக்கவேண்டும் என்றும் முதலாளிமாரைக் கட்டுப்படுத்துகிறது. கல்முனை வட்டாரத்தில் புதிதாக எழும் உணவகங்களும் மண்டபங்களும் விநியோகச் சேவைகளும் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பில்லில் சேவைக் கட்டணம் அறவிடும் ஒவ்வொரு கடையும், அப்பணம் யார் யாருக்கு எந்த வீதத்தில் போகிறது என்பதை அதே பில்லில் அச்சிட வேண்டும். பள்ளிவாசல் சம்மேளனங்களும் வர்த்தகர் சங்கங்களும் இதை முன்னின்று வற்புறுத்த வேண்டும்.