எஞ்சின் பின்னால் போன கதை

காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமக்கும்போது நாம் சட்டென்று திரும்ப முடியுமா? உடல் திரும்பினாலும் வாளிகள் பழைய வழியிலேயே போகப் பார்க்கும். அதே பாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டால் எளிதாகத் திரும்பிவிடலாம். பந்தயக் கார்களின் வரலாற்றையே மாற்றியது இந்த உண்மைதான்.

1950களின் தொடக்கத்தில் பெரும்பாலான பந்தயக் கார்களில் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் இருந்தது. இங்கிலாந்தில் பட்டறை வைத்திருந்த சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் 1946இல் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கொண்டு சிறிய கார் ஒன்றைச் செய்தார்கள். பின்சக்கரங்களைச் சங்கிலியால் இயக்குவது சுலபம் என்பதால், எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். அந்த அமைப்பு வளர வளர அதன் நன்மைகள் தெரிந்தன. பாரம் நடுப்பகுதியில் திரண்டதால் கார் வளைவில் விரைவாகத் திரும்பியது. முன்னிருந்து பின்னுக்குச் செல்லும் நீண்ட இரும்புத் தண்டும் தேவைப்படவில்லை, எடை குறைந்தது.

1958இல் அர்ஜென்டினா பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் கூப்பர் காரை ஓட்டி, அதைவிடப் பெரிய எஞ்சின் கொண்ட பெராரி கார்களை வென்றார். 1959இலும் 1960இலும் ஜாக் பிராபம் கூப்பர் காரிலேயே உலகப் பட்டம் பெற்றார். 1961இல் பெராரியும் இதே வழிக்கு வந்தது.

ஆனால் எஞ்சினைப் பின் அச்சுக்கும் அப்பால் தள்ளினால் வேறு தொல்லை வரும். வேகமான வளைவில் காரின் பின்புறம் வெளியே வீசப் பார்க்கும்.

ஆகவே நேயர்களே, எஞ்சினின் பலத்தை மட்டும் பார்த்தால் போதாது. பாரம் எங்கே அமர்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களை ஒரு சிறிய பட்டறை வென்றது அப்படித்தான்.