பிரபலங்களின் இறப்பைக் கணித்தல்

பெயர்பெற்ற ஒருவர் எப்போது இறப்பார் என்று முன்கூட்டிச் சொல்லி, அது பலித்தால் புள்ளியோ பணமோ பெறும் ஆட்டம் இறப்புக் கணிப்பு எனப்படும். ஆண்டுத் தொடக்கத்தில் ஆளுக்கொரு பெயர்ப் பட்டியல் எழுதிவைப்பார்கள். பட்டியலில் உள்ளவர் டிசம்பர் 31க்குள் இறந்தால் எழுதியவருக்குப் புள்ளி. நூறிலிருந்து இறந்தவரின் வயதைக் கழித்து மதிப்பிடுவது பரவலான முறை: தொண்ணூறு வயதுக்காரர் இறந்தால் 10, நாற்பது வயதுக்காரர் இறந்தால் 60. பிரிட்டனில் 1987 முதல் வெளிவரும் ‘டெத்லிஸ்ட்’ ஆண்டுக்கு 50 பெயர்களை அறிவிக்கிறது. இறந்தால் அந்நாட்டுச் செய்தி ஊடகங்கள் எழுதும் அளவுக்குப் புகழ் உள்ளவர்களையே அதில் சேர்க்கலாம். சாகக் கிடக்கிறார் என்பதற்காக மட்டும் பெயர் அடிபடுகிறவரைச் சேர்க்கக் கூடாது. இந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1988இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த ‘தி டெட் பூல்’ திரைப்படம் வந்தது. இணையம் பரவியபின் பட்டியல் எழுதுவதும் புள்ளி கணக்கிடுவதும் எளிதாயின.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் பட்டியலாக வளரவில்லை. இங்கே அது சோதிடமாகவும் வதந்தியாகவும் வளர்ந்தது. அதன் வேரோ மிகப் பழையது.

தொடக்க காலம்

தமிழில் இதற்கு உள்ள பழைய சான்று புறநானூற்றின் 229ஆம் பாட்டு. பாடியவர் கூடலூர் கிழார்; பாடப்பட்டவர் சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பங்குனி மாதத்தின் முற்பாதியில், கும்மிருட்டான நள்ளிரவில், வானிலிருந்து ஒரு மீன் தீப்பறக்க விழுவதைப் புலவர் பார்க்கிறார். அந்த நேரத்தில் உச்சியில் நின்ற விண்மீன் சாய்ந்தது, அதற்கு எதிரே இன்னொன்று எழுந்தது, மற்றொன்று அடிவானில் இறங்கியது என்று ஒவ்வொன்றையும் குறிக்கிறார். விழுந்த மீன் கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை என்று திசையையும் விடாமல் சொல்கிறார். வானத்தை நாள்தோறும் பார்த்துப் பழகிய கண் அது.

மீன் விழுந்தால் அரசனுக்கு ஏழு நாளில் கேடு என்பது அக்கால நம்பிக்கை. புலவரும் அவரைப் போன்ற பரிசிலரும் ஏழு நாளும் அஞ்சியே கழிக்கிறார்கள். அரசனுக்கு நோய் ஏதும் வராமல் இருக்கட்டும் என்று வேண்டுகிறார்கள். ஏழாம் நாள் வருகிறது. யானை துதிக்கையைத் தரையில் போட்டு உறங்குகிறது. முரசு கண் கிழிந்து உருள்கிறது. வெண்கொற்றக் குடை கால் முறிந்து சாய்கிறது. குதிரைகள் ஓட்டமின்றி நிற்கின்றன. அரசன் இறந்துவிடுகிறான்.

கணிப்பு பலித்ததில் கூடலூர் கிழாருக்கு இம்மியும் மகிழ்ச்சி இல்லை. பாட்டின் பிற்பகுதி முழுவதும் இழப்பின் வலிதான். மேலுலக மகளிருக்குத் துணையாகித் தன்னைச் சார்ந்தவர்களை மறந்தானோ என்று அது கேட்கிறது. இந்த நாளில் இறப்பான் என்று அஞ்சியிருந்து, இறந்தபின் பாடியது என்று பாட்டின் அடியில் உள்ள குறிப்பும் சொல்கிறது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் இந்தக் கூடலூர் கிழாரே. தொகுக்கச் செய்தவன் இந்தச் சேரனே. புலவரின் வாழ்வும் பணியும் அந்த ஒருவனின் உயிரில் தங்கியிருந்தன. அவர் வானத்தைப் பார்த்தது அதனால்தான்.

சங்க காலத்தில் நாள் குறித்துக்கொண்டு இறந்தவர்களும் உண்டு. தன் மகன்களோடு பகைமூண்டபோது உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விட முடிவு செய்தான். பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் விட்டுவையுங்கள் என்றான். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை என்பதால் சூழ இருந்தவர்கள் நம்பவில்லை. ஆனால் ஆந்தையார் வந்தார், உடன் அமர்ந்தார். இங்கே சோழன் கணித்தது நட்பை. இறப்பு முன்பே முடிவாகிவிட்டது.

இந்த மரபின் கண்ணால் காணக்கூடிய சின்னம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. திருக்கோவலூர் அருகே தென்பெண்ணையின் நடுவில் நிற்கும் பாறைக்குக் கபிலர் குன்று என்று பெயர். பறம்பு மலைப் பாரி மாண்டபின் அவன் மகள்களைக் கரைசேர்க்க அலைந்த புலவர் கபிலர், கடைசியில் வந்தது மலையமான்களின் இந்த நாட்டுக்கு. அவர் வடக்கிருந்து இறந்தார் என்போரும் உண்டு. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, பாரியின் மகளை மலையர்க்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் இந்தக் கல்லில் தீப்புகுந்தார் என்கிறது. கல்லில் வெட்டியதைக் கொள்வதே முறை. இறந்த நண்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகே அவர் தன் நாளை வைத்துக்கொண்டார்.

தமிழகத்துக்கு வெளியே அரசர்கள் இந்தக் கணிப்பைக் கண்டு நடுங்கினார்கள். கி.பி. 11இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ், எவருடைய சாவைப் பற்றியும் சோதிடர் சொல்லக் கூடாது என்று ஆணையிட்டார். அதே வேளையில் தம் சாதகத்தைத் தாமே ஊரறிய வெளியிட்டார். பேரரசரின் ஆயுளைச் சோதிடரிடம் கேட்பது பின்னாளில் அரசத் துரோகமாகவே எண்ணப்பட்டது. எப்போது சாவார் என்று கேட்பவன் அதற்காகக் காத்திருப்பவன் என்பது அவர்கள் கணக்கு. 1591இல் போப் பதினான்காம் கிரிகோரி, போப்பாண்டவரின் தேர்தல் மீதும் ஆட்சிக் காலத்தின் மீதும் பந்தயம் கட்டுவோரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாக அறிவித்தார்.

தமிழகச் சோதிடத்தில் ஆயுள் கணிப்புக்குத் தனி இடம் உண்டு. வைத்தீசுவரன்கோயில் நாடிச் சோதிடத்தில் எட்டாம் காண்டம் ஆயுளுக்கு உரியது. அங்கே ஒருவர் கேட்பது தம் ஆயுளை, அல்லது தம் வீட்டாரின் ஆயுளை.

பந்தயமும் சட்டமும்

முன்பின் அறியாத ஒருவரின் சாவில் காசு பார்க்கும் வழக்கத்துக்கு 18ஆம் நூற்றாண்டு லண்டன் பேர்போனது. காப்பீட்டுப் பத்திரம் என்ற பெயரில் யாருடைய உயிர் மீதும் யாரும் பணம் கட்டலாம். 1743இல் டெட்டிங்கன் போருக்குப் போன மன்னர் இரண்டாம் ஜார்ஜ் உயிரோடு திரும்புவாரா என்று பந்தயம் நடந்தது. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் எழுதிய கடிதமொன்றில் வரும் கதை இன்னும் கொடியது. லண்டனின் ஒயிட்ஸ் மன்றத்தின் வாசலில் ஒருவர் சுருண்டு விழுகிறார். உள்ளிருந்தவர்கள் அவர் இறந்துவிட்டாரா இல்லையா என்று பந்தயம் கட்டுகிறார்கள். மருத்துவம் செய்யப் போனபோது, இறந்துவிட்டார் என்று கட்டியவர்கள் அது ஆட்டத்தின் நியாயத்தைக் கெடுக்கும் என்று தடுக்கிறார்கள்.

இதை நிறுத்த 1774இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆயுள் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. அதன் கேள்வி ஒன்றுதான்: அவர் இறந்தால் உனக்கு இழப்பு உண்டா? இல்லையென்றால் பத்திரம் செல்லாது. மாந்தரஞ்சேரலின் உயிரில் கூடலூர் கிழாருக்கு இருந்த அக்கறை இந்தச் சட்டம் கேட்கும் அக்கறைதான். கணிப்பவன் இழப்பவனாகவும் இருந்தால் அது முன்னெச்சரிக்கை. இழக்க ஏதுமில்லாதவன் கணித்தால் அது சூது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்கியது. ஆயுள் காப்பீட்டுக்கோ அந்தப் பழைய கேள்வியே இங்கும் அடிப்படை.

இணையக் காலத்தில் அதே கேள்வி வேறு வடிவில் வந்தது. 2003இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுப் பிரிவு, மேற்காசிய அரசியல் நிகழ்வுகள் மீது பணம் கட்டும் சந்தை ஒன்றைத் திட்டமிட்டது. படுகொலையிலும் காசு பார்க்க இடம் தருகிறது என்று இரண்டு செனட்டர்கள் வெளிப்படுத்தியதும் அது கைவிடப்பட்டது. 2018இல் ‘ஆகர்’ என்ற கணிப்புச் சந்தை தொடங்கிய சில வாரங்களுக்குள், அதில் டொனால்ட் டிரம்ப், வாரன் பஃபெட் ஆகியோரின் சாவு மீதான பந்தயங்கள் முளைத்தன. ஒருவர் இந்தத் தேதிக்குள் சாவார் என்று பெரும்பணம் கட்டியவனுக்கு அவரைக் கொல்வதில் ஆதாயம் வந்துவிடுகிறது. படுகொலையை ஒட்டிய ஒப்பந்தங்களை அமெரிக்க ஒழுங்குமுறை விதிகள் தடுப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில்

தலைவர் மருத்துவமனைக்குப் போனார் என்றால் தமிழ்நாட்டில் ஊகம் அன்றே தொடங்கிவிடும். “சீரியஸாம்” என்பது காலையில், “போயிட்டாராமே” என்பது மாலையில். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டு அங்கிருந்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அவர் உயிரோடு இல்லை என்ற பேச்சு பரவியது. மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகளைப் படமெடுத்துவந்து தேர்தல் பிரசாரத்தில் மக்களுக்குக் காட்டினார்கள். அந்த டிசம்பரில் அவர் படுக்கையிலிருந்தே ஆண்டிபட்டியில் வென்றார். மறைந்தது 1987 டிசம்பர் 24இல்.

தமிழ்நாட்டுக்கு வெளியே, ஆட்சியில் இருப்பவர்களே அவசரப்பட்டதும் உண்டு. 1979 மார்ச் 22 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய், ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாக மக்களவையில் அறிவித்தார். மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருந்த ஜெ.பி. அதன்பின் அக்டோபர் 8 வரை வாழ்ந்தார்.

ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22இல் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டபின் வதந்தி பரப்பியதாகப் பலர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. டிசம்பர் 5 மாலை சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாகச் சொல்ல, ராயப்பேட்டை அதிமுக அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சிகிச்சை தொடர்கிறது என்று மருத்துவமனை மறுத்ததும் கொடி மீண்டும் ஏறியது. இறந்த நேரம் இரவு 11.30 என்று நள்ளிரவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. 2022இல் வெளியான ஆறுமுகசாமி ஆணைய அறிக்கையோ டிசம்பர் 4 பிற்பகலைக் குறிப்பிட்டது. அதிர்ச்சியில் இறந்த தொண்டர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தருவதாக அதிமுக அறிவித்தது. தலைவரின் சாவுச் செய்தி தொண்டன் உயிரையும் எடுக்கக்கூடிய மண்ணில், அதை ஊகித்துச் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு ஆகாது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, ‘கேப்டன்’ என்று அழைக்கப்பட்ட நடிகர் விஜயகாந்த். 2011 தேர்தலில் அவர் ரிஷிவந்தியத்தில் வென்றார். 29 இடங்கள் பெற்ற தேமுதிகவின் தலைவராகச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் உளுந்தூர்ப்பேட்டையில் நின்று தோற்றார். விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இரண்டு தொகுதிகளும் அடங்கும். ஆகவே மேற்கே கல்வராயன் மலையடிவாரம் முதல் கிழக்கே உளுந்தூர்ப்பேட்டை வரை ‘கேப்டன்’ இங்கே ஊர்க்காரர் மாதிரி. பல ஆண்டுகளாக உடல் நலிந்திருந்த அவரைப் பற்றி இறப்புச் செய்தி திரும்பத் திரும்பக் கிளம்பியது. 2023 நவம்பர் 18 அன்று அவர் சென்னை மியாட் மருத்துவமனையில் சேர்ந்தார். உடல்நிலை சீராக இல்லை, சுவாசத்துக்கு உதவி தேவைப்படுகிறது என்று 29ஆம் தேதி மருத்துவ அறிக்கை வந்ததும் வதந்தி உச்சத்துக்குப் போனது. வதந்தியை நம்ப வேண்டாம் என்று அவர் மனைவி பிரேமலதா காணொளியில் கேட்டுக்கொண்டார். கணவரோடு இருக்கும் படத்தையும் வெளியிட்டார். டிசம்பர் 11இல் வீடு திரும்பிய விஜயகாந்த், 14ஆம் தேதி கட்சிப் பொதுக்குழுவுக்கு அழைத்துவரப்பட்டார். அங்கே பிரேமலதா பொதுச்செயலாளர் ஆனார். மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட விஜயகாந்த் டிசம்பர் 28 காலை காலமானார்.

உயிரோடு இருக்கிறார் என்று காட்டுவதற்காகவே நோயாளியைப் படமெடுக்க வேண்டிய நிலை ஒரு குடும்பத்துக்கு வந்தது கொடுமை. எம்.ஜி.ஆர். காலத்தில் அதற்கு அரசியல் காரணம் இருந்தது. 2023இலோ யூடியூப் முகப்புப் படத்தில் மாலை போட்டவர்களுக்குக் கிடைத்தது பார்வை எண்ணிக்கை மட்டுமே. மேல்நாட்டுப் பட்டியலில் புள்ளி எதுவோ, இங்கே அதுவே பார்வை. முதலில் சொன்னவருக்கு அதிகம். பொய்யானாலும் அந்தக் கணக்கு குறைவதில்லை என்பதால் ஒருவரையே பலமுறை சாகடிக்கிறார்கள். பாடகி எஸ். ஜானகி, நடிகர் கவுண்டமணி ஆகியோரும் உயிரோடு இருக்கும்போதே இவ்வாறு இரங்கல் பெற்றவர்கள்.

இன்றைய நிலை

பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வாய்ப்பை நம்பிய ஆட்டங்களுக்கான தடையை அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. பணம் கட்டும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடுக்கும் நடுவண் சட்டம் 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. காசில்லாமல் வெறும் புள்ளிக்காக எழுதும் பட்டியலுக்கு இவை பொருந்தா.