குழந்தையின் காதில் நீர்: லேபில் கிருமி வளரவில்லை என்றால் கிருமியே இல்லையா?

உங்கள் குழந்தை டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போகுதா? கூப்பிட்டால் ‘என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்குதா? செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். பெரும்பாலும் காய்ச்சலோ கடும் வலியோ இருக்காது. அதனால் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆனால், பேச்சு வளரும் வயதில் காது மந்தமாவது சாதாரண விஷயமல்ல.

கிருமி ஏன் சிக்குவதில்லை?

இந்த நீரைக் கல்ச்சர் செய்தால் பல நேரம் எதுவும் வளராது. 1995-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 97 மாதிரிகளைச் சோதித்தார்கள். கல்ச்சரில் 28-ல் மட்டுமே பாக்டீரியா தென்பட்டது; பிசிஆர் சோதனையிலோ 75-ல் அதன் டிஎன்ஏ சிக்கியது. தேடப்பட்டவை மூன்று: ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே, நிமோகாக்கஸ், மொராக்செல்லா.

எங்கே ஒளிந்திருக்கின்றன?

2006-ல் வெளியான ஆய்வில், பாதிக்கப்பட்ட குழந்தைகளின் நடுக்காதுத் திசு மாதிரிகள் 50-ல் 46-ல் ‘பயோஃபிலிம்’ இருந்தது. பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பிசுபிசுப்பான படலத்துக்குள் வாழும் நிலை இது. ஆன்டிபயாடிக்கால் இதை எளிதில் அழிக்க முடியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கோலார் தங்கவயல் பக்கம் பேத்தமங்களாவில் இருந்தாலும், பிசிஆர் சோதனைக்காகப் பெங்களூருவுக்கு அலைய வேண்டாம். சிகிச்சையை முடிவு செய்ய அது தேவைப்படுவதில்லை. பெரும்பாலும் 3 மாதங்களுக்குள் நீர் தானாக வடிந்துவிடும். நீடித்தால் இ.என்.டி. மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதியுங்கள். தேவைப்பட்டால் செவிப்பறையில் ‘குரோமெட்’ எனும் சிறு குழாய் வைப்பார்கள். மெடிக்கலில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். 2021 முதல் நாடு முழுவதும் அரசு இலவசமாகப் போடும் நிமோகாக்கல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். மூன்றில் ஒரு கிருமிக்காவது அது வேலி.