வாசிப்பும் எழுத்தும் யாருக்காக?

தவணை முடிவில் ஆங்கில வாசிப்பையும் எழுத்தையும் மீட்டுப் பார்ப்பது இன்று சாதாரண வகுப்பறைக் கடமை. ஆனால் அந்த மீட்டலுக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் கையிலுள்ள அளவுகோலை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று கேட்பது ஆசிரியர்களாகிய நமது கடமையன்றோ?

1830களின் தொடக்கத்தில் கோல்புறூக் விசாரணைக்குழுவின் அறிக்கை, இலங்கையின் அரசாங்கக் கல்வியில் ஆங்கிலத்துக்கே முதலிடம் தேடிற்று. இதன் பின்னணியில் இருந்தது சிக்கனம். இங்கிலாந்திலிருந்து உத்தியோகத்தரை வரவழைப்பதிலும், இந்நாட்டவரைப் பயிற்றிக் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்துவது மலிவானது. ஆகவே எழுத்து என்பது பிறர் சொன்னதைப் பிழையின்றிப் பிரதிசெய்யும் திறனாயிற்று. சொந்தக் கருத்தைச் சொல்லும் கருவியாக அது கருதப்படவில்லை.

1862இல் இங்கிலாந்தில் றொபேட் லோ கொண்டுவந்த திருத்திய கல்விக்கோவை இந்த மனப்பான்மைக்குக் கணக்கு வடிவம் கொடுத்தது. பரிசோதகர் வருவார், வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகிய மூன்றிலும் பிள்ளையைச் சோதிப்பார். ஒரு பாடத்தில் பிள்ளை தவறினால் பாடசாலையின் மானியத்தில் 2 சிலிங் 8 பென்ஸ் குறையும். மிக உயர்ந்த 6ஆம் படியில்கூட வாசிப்புச் சோதனை ஒரு பத்திரிகைப் பந்தியை வாசிப்பதுதான். எழுத்துச் சோதனை, மெல்லச் சொல்லப்படும் பந்தியை எழுதுவதுதான். மாணவன் தானாக ஒரு வாக்கியம் அமைக்க வேண்டியதில்லை. விளைவு யாது? பிள்ளைகள் நூலை மனப்பாடம் செய்தார்கள். பரிசோதகராக இருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இக்கல்வி இயந்திரமயமாகிவிட்டதென்று கண்டித்தார். ஆயினும் 1869இல் இலங்கையில் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்தபின், பெறுபேற்றுக்குப் பணம் என்னும் அதே முறை இங்கும் இறக்குமதியாயிற்று.

மாற்றுக் குரல் கண்டியிலேயே எழுந்தது. 1904இல் திரித்துவக் கல்லூரியின் அதிபராக வந்த ஏ. ஜி. பிரேசர், ஆங்கிலக் கல்லூரியிலும் சிங்களமும் தமிழும் கற்பிக்கப்படவேண்டும் என்று வழிசெய்தார். தன் மக்களின் மொழி தெரியாதவன் அந்த மக்களுக்கு எவ்வாறு தொண்டு செய்வான்? ஆனாலும் ஆங்கிலப் பாடசாலையின் கதவு கட்டணம் செலுத்த வல்லோருக்கே திறந்திருந்தது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிராமத்து விவசாயியின் பிள்ளைக்கும் அது தொலைவிலேயே நின்றது.

கல்வி மந்திரி கன்னங்கராவின் விசேட குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. ஐம்பதுகளில் இடைநிலை வகுப்புகளுக்கும் அது பரவியது. இது மக்கள் பெற்ற பெருவெற்றி. ஆனால் ஆங்கிலத்தின் ஆதிக்கம் அத்துடன் மறைந்துவிடவில்லை. பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஆங்கிலத்துக்குச் சூட்டிய பெயர் "கடுவ", அதாவது வாள். அது யார் கையில் இருக்கிறது, யார் தலைக்குமேல் தொங்குகிறது என்பதை அச்சொல் ஒன்றே உணர்த்தும்.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில், அக்குறணைக்கு அப்பால், அலவத்துகொட இருக்கிறது. இப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் இலவசம், பாடசாலையும் இலவசம். ஆயினும் ஆங்கில வகுப்பில் நாம் காண்பது யாது? பந்தியைத் தங்குதடையின்றி வாசிக்கும் பிள்ளை, அதன் பொருளைக் கேட்டால் மௌனமாகிறது. "என் பாடசாலை" என்னும் கட்டுரையை முப்பது கொப்பிகளில் முப்பது பிள்ளைகளும் ஒரே சொற்களில் எழுதுகிறார்கள். பிள்ளைகளிடம் குறை காண்பது நியாயமன்று. பரிசோதகரின் நிழல் இன்னும் நம் வகுப்பறையில் நிற்கிறது. கட்டணம் கொடுத்துத் தனியார் வகுப்புக்குச் செல்லக்கூடிய பிள்ளை அந்நிழலைத் தாண்டிவிடுகிறது. நாட்கூலிக்காரனின் பிள்ளைக்கு நம் வகுப்பைத் தவிர வேறு வகுப்பு இல்லை.

ஆகவே மீட்டல் என்பதன் பொருளை நாம் மாற்றவேண்டும். வாசித்த பந்தியின் கருத்தைப் பிள்ளை முதலில் தன் தாய்மொழியில் சொல்லட்டும். பின்னர் இரண்டு ஆங்கில வாக்கியங்களில் எழுதட்டும். மருந்துச் சீட்டையும் வங்கிப் படிவத்தையும் வகுப்புக்குக் கொண்டுவருவோம். தன் ஊர் வீதியைத் திருத்தித் தருமாறு பிரதேச சபைக்கு ஒரு கடிதத்தைப் பிள்ளை தானே எழுதட்டும். அதில் பத்துப் பிழைகள் இருக்கலாம். அவற்றை அதன் அருகில் அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துவோம். கடிதம் அப்பிள்ளையுடையதாகவே இருக்கட்டும்.