பங்குனி ஆமை ஏறும் கரை

போன ஜனவரிக் கடைசியில் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு இரவிகுளம் போயிருந்தேன். ராஜமலைப் பாதையில் பனி விலகாத காலை நேரம். பாறைச் சரிவிலிருந்து ஏழெட்டு வரையாடுகள் இறங்கி வந்து, எங்களுக்குப் பத்தடி தள்ளி நின்று புல் மேய்ந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற வனக்காவலர், "பிப்ரவரி பொறந்தா கேட்டைச் சாத்திருவோம். குட்டி போடுற காலம். ரெண்டு மாசம் ஒரு ஆளையும் உள்ள விடமாட்டோம்" என்றார்.

மலையிறங்கும் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "அத்தை, மெட்ராஸ்ல இப்படி நடந்து போய்ப் பாக்க ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. அங்கே மலை கதவைச் சாத்தும் அதே மாதங்களில்தான் எங்கள் பெசன்ட் நகர்க் கரையில் ராத்திரி நடை சூடுபிடிக்கிறது. ஜனவரி முதல் மார்ச் கடைசி வரை, நீலாங்கரையில் தொடங்கி எலியட்ஸ் பீச் வரை, ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், ஆமைத் தடம் தேடி நடக்கிற நடை. நான் முதன்முதலில் நடந்தது 1990 பிப்ரவரியில். ஹவுசிங் போர்டு ஃபிளாட்டில் வளர்ந்த கல்லூரிப் பெண்ணை ராத்திரி பதினொரு மணிக்குக் கடற்கரைக்கு அனுப்ப அப்பா சம்மதித்ததே பெரிய விஷயம். அந்த நடைக்கு ஒரு வரலாறு உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

தொடக்கம் கிண்டியில். ரோமுலஸ் விட்டேகர் நடத்திய பாம்புப் பண்ணை 1972இல் கிண்டிக்கு வந்தது. பாம்பு, பல்லி, முதலை என்று அலைந்துகொண்டிருந்த அந்த இளைஞர் கூட்டம் 1970களின் முற்பகுதியில் கடற்கரையையும் கவனிக்கத் தொடங்கியது. அன்று ஆமை முட்டையைத் தோண்டி எடுத்துத் தின்பதும் விற்பதும் சாதாரணம். மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொண்டன. எனவே முட்டையைக் காப்பாற்ற வேண்டுமானால், எடுப்பவனுக்கும் நாய்க்கும் முன்னால் குழிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரே வழி ராத்திரி முழுக்க நடப்பது. எங்கள் ஊரில் இந்த நடை வேடிக்கை பார்ப்பதற்காகப் பிறந்ததல்ல, வேலையாகப் பிறந்தது. இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன்.

அப்படி நடந்தவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். ஐ.ஐ.டி.யில் எஞ்சினியரிங் படிக்க வந்தவர். பாடத்தை விட்டுக் கடலோரமாக நடக்கத் தொடங்கியவர் பிறகு நிற்கவேயில்லை. இந்தியக் கடற்கரையில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் காலால் அளந்திருக்கிறார். 1982இல் லட்சத்தீவின் சுஹேலி தீவில் மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியாக இருந்து ஆமைகளைக் கவனித்தார். அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் வீசினார். 24 நாளில் அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்த்துவிட்டார். சதீஷ் 2023இல் காலமானார். அவர் கால் பழகிய மணல் நம்முடையது என்பது இங்கே காலையில் வாக்கிங் போகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது. ஜே. விஜயா. எத்திராஜ் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டே பாம்புப் பண்ணைக்கு வந்தவர். கடலாமைகள் பிடிபட்டுச் சந்தைகளில் வெட்டப்படுவதை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். அப்புறம் கடற்கரையிலிருந்து மலைக்குப் போனார். பிரம்பாமை என்கிற சிறிய காட்டாமை ஒன்றை 1912இல் ஹெண்டர்சன் விவரித்திருந்தார். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் அவர். அதற்குப் பிறகு சுமார் 70 ஆண்டுகள் அந்த ஆமையை எந்த ஆராய்ச்சியாளரும் பார்க்கவில்லை. 1982இல் சாலக்குடிக் காட்டில் விஜயா அதைக் கண்டுபிடித்தார், காட்டிலேயே தங்கி அதன் வாழ்க்கையை எழுதினார். இந்தியாவில் ஊர்வன ஆராய்ச்சிக்கு வந்த முதல் பெண் அவர்தான் என்பார்கள். 1987இல், முப்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கே விஜயாகெலிஸ் என்று பெயர் வைத்தார்கள். மெட்ராஸ் கடற்கரையில் ஆமைக்காக நடந்த பெண்ணின் பெயர் மேற்குத்தொடர்ச்சி மலையில் ஓர் உயிரின் பெயராக இருக்கிறது. இரவிகுளத்திலிருந்து இறங்கும்போது மருமகளிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.

1977இல் கடலாமைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. முட்டைப் பொரிப்பகங்களைச் சில காலம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நடத்தியது, 1982 முதல் சில ஆண்டுகள் வனத்துறை நடத்தியது. பிறகு 1988இல் கல்லூரி மாணவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அதுதான் எஸ்.எஸ்.டி.சி.என். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. இன்று கடலாமை ஆராய்ச்சியில் பெரிய பெயரான கார்த்திக் சங்கர் அதைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவர். அலுவலகம், சம்பளம் எதுவும் கிடையாது. ஒரு தொகுதி படிப்பு முடிந்து போனால் அடுத்த தொகுதி வந்து நடக்கும். இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது.

நடையில் என்ன செய்வோம் என்று சொல்கிறேன். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற கோட்டுக்குச் சற்று மேலே நடக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் ஆகும். தடம் தெரிந்தால் தவறவே தவறாது. டிராக்டர் டயர் ஏறி இறங்கின மாதிரி இரண்டடி அகலத்துக்குக் கடலிலிருந்து மேலே ஒன்று, மேலிருந்து கடலுக்கு ஒன்று. என் முதல் தடத்தைக் காட்டியவர் ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவர். வலை இழுக்கக் காத்திருந்தவர், "பங்குனி ஆமை ஏறிட்டுப் போயிருக்குது பாரும்மா" என்றார். ஆலிவ் ரிட்லி என்று நாங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததற்கு அவரிடம் மாதத்தோடு ஒரு பெயர் இருந்தது. அன்றிலிருந்து நான் வேறு பெயர் சொல்வதில்லை.

இரண்டு தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே குச்சியை மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் இறுகிய மணல் தடுக்கும். ஓரிடத்தில் மட்டும் குச்சி பொசுக்கென்று இறங்கும். பிறகு கைதான். முழங்கை வரை தோண்டினால் கழுத்துக் குறுகி வயிறு பெருத்த குடம் போல ஒரு குழி, அதற்குள் பிங்பாங் பந்து மாதிரி நூறு, நூற்றிருபது முட்டைகள், ஈரமும் வழவழப்புமாக. ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைத்து, அந்தக் குழியின் மணலிலும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே குடம் போல ஒரு குழி பறித்துப் புதைக்க வேண்டும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு வரும். மணல் சூடாக இருந்தால் பெரும்பாலும் பெண், குளிர்ந்திருந்தால் ஆண்.

இந்த முட்டைக் குழி நம் இலக்கியத்துக்குப் புதியதல்ல. அகநானூற்றின் 160ஆம் பாட்டு, சூல் நிறைந்த ஆமை மணலில் முட்டையை மறைத்துப் புதைப்பதையும், குஞ்சு வரும்வரை அதன் கணவன் காவல் இருப்பதையும் சொல்கிறது. பாடியவர் நப்பசலையார், ஒரு பெண். புதைப்பது அப்படியே நிஜம். காவல் மட்டும் கடலாமைக்குக் கிடையாது. ஆண் ஆமை கரைக்கே ஏறாது, தாயும் முட்டையை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அந்தப் பாட்டில் கணவன் இருக்கிற இடத்தில் இங்கே மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஓலைத் தட்டிக்குள், கூடை கவிழ்த்த குழிகளுக்குப் பக்கத்தில்.

முட்டையை இருந்த இடத்திலேயே விடாமல் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி. நாய்த் தொல்லை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெளிச்சம். பொரிந்து வரும் குஞ்சு, வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் ஓடும். இருட்டுக் கரையில் அது கடலின் பக்கம். நம் கரையில் அது தெருவின் பக்கம். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு குழி தானாகப் பொரிந்தது. கடலை நோக்கி ராட்சத விளக்கு போட்டிருந்த ஒரு கட்டடத்தின் பக்கமாக அத்தனை குஞ்சும் ஏறிப் போயிருந்தன. விடிகாலை சாலையில் நசுங்கிக் கிடந்தவற்றை நானும் இரண்டு மாணவிகளும் பொறுக்கினோம். எழுபத்தொன்று எண்ணினோம். உயிரோடு கிடைத்தவை பதினாறு. என் கையளவில் பாதிகூட இல்லாத உடல்கள்.

2025 ஜனவரியில் தாய் ஆமைகளே நூற்றுக்கணக்கில் சென்னைக் கரையோரம் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வர வேண்டிய பிராணி. இழுவைப்படகின் வலையில் மாட்டி நேரமானால் மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப்படகு வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை நிறைவேற்றுவது அரசின் பொறுப்பு. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த மாதம் நடந்த நடைகளில் முட்டையைவிடப் பிணம்தான் அதிகம் எண்ணினோம். பல மாணவர்கள் அழுதார்கள். அடுத்த வாரமும் நடக்க வந்தார்கள்.

மலையில் வரையாட்டுக்காக வாசலையே சாத்த முடிகிறது. ஓர் அரசாணையும் ஒரு கேட்டும் போதும், அது பூங்கா. நம் கரைக்குக் கேட் கிடையாது, போடவும் முடியாது. குப்பத்து மீனவர் தொழில் செய்யும் இடம், ஊரே காற்று வாங்க வரும் இடம். இங்கே பாதுகாப்பு என்பது நடக்கிறவர்களின் காலும், கரையோரம் குடியிருப்பவர்களின் மனசும்தான். நடைக்கு வர விரும்பினால் தாராளமாக வாருங்கள். ஆமையைப் பார்க்காமலே திரும்ப நேரலாம். எனக்கு முதல் ஆமை கண்ணில் பட்டது ஒன்பதாவது நடையில்.

நடக்க முடியாதவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ கொட்டிவாக்கத்திலோ கடலைப் பார்த்த வீடு உங்களுடையது என்றால், ஜனவரியிலிருந்து ஏப்ரல் முடிய ராத்திரியில் அந்தப் பக்கத்து மொட்டைமாடி விளக்கையும் பால்கனி விளக்கையும் அணைத்து வையுங்கள். உங்கள் ஃபிளாட் சங்கத்திலும் சொல்லுங்கள்.