மூன்றுசுழி அடைபடும் ஊர்

'திண்டிவனம்' என்று தடித்த எழுத்தில் எழுதுவது லேசான வேலையில்லை. மூன்றுசுழி ண், இரண்டுசுழி ன இரண்டும் அந்தப் பெயரில் உண்டு. கோட்டைக் கனமாக்க ஆரம்பித்தால் முதலில் அடைபடுவது ண்-இன் உட்சுழிதான். அப்புறம் தூரத்தில் நிற்பவருக்கு இரண்டு எழுத்தும் ஒன்றுபோலவே தெரியும். விழுப்புரத்துக்கு வேறு சங்கடம். 'ழு' கீழே இறங்கி அடுத்த வரியில் இடிக்கும்.

ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் கல்லில் எழுதியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. திருக்கோவிலூர் அருகே, 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஜம்பையில், 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறை ஒரு பிராமிக் கல்வெட்டைக் கண்டெடுத்தது. அதியமான் நெடுமான் அஞ்சி குகை உறைவிடம் ஒன்றைத் தானம் செய்ததைச் சொல்லும் ஒரே வரி. அவனை 'சதியபுதோ' என்று அது அழைப்பதால், அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வழக்கும் தீர்ந்தது.

எழுத்தைப் பாருங்கள். படுக்கைக்கோட்டின் மேல் ஒரு செங்குத்துக்கோடு நின்றால் ந. அரைவட்டம் ட. எங்கும் ஏறத்தாழ ஒரே கனம், முனையில் அலங்காரம் கிடையாது. ஜெர்மனியில் பால் ரென்னர் 1927இல் வட்டத்தையும் நேர்கோட்டையும் நம்பி 'ஃபியூச்சரா' எழுத்துருவை வெளியிட்டபோது நவீனம் என்று கொண்டாடினார்கள். அதியமானின் கல்தச்சர் பார்த்திருந்தால் பெரிதாக வியந்திருக்க மாட்டார்.

அந்த நேர்கோடுகள் பின்னால் வளைந்தன. ஓலையில் எழுத்தாணியை நேராக இழுத்தால் நரம்போடு கிழியும், வளைத்தால் தாங்கும் என்பது பரவலான விளக்கம். செஞ்சி அருகே திருநாதர்குன்றில் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியருக்கான கல்வெட்டு அது; உருண்டுகொண்டிருக்கும் எழுத்து. தமிழ் 'ஐ' முதலில் கிடைப்பதும் அங்கேதான் என்பார்கள்.

உருண்ட எழுத்தைத் தடிப்பாக்கும் பாடு அன்றிலிருந்து நம் தலையில். தடிப்பு ஏற ஏற எழுத்து அகலவும் வேண்டும், உள்வெளி மூச்சுவிடவும் வேண்டும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரான்' எழுத்துரு மெலிந்ததிலிருந்து மிகக் கனத்ததுவரை 9 படிகளில் வருகிறது. ஒவ்வொரு படியும் அந்தந்தக் கனத்துக்கென்றே அமைந்தது. ஃபிளெக்ஸ் கடைகளில் பலர் செய்வது வேறு: மெல்லிய எழுத்தை எடுத்து, சுற்றிலும் வெளிக்கோடு போட்டு ஊதிவிடுகிறார்கள். ண் அங்கேதான் சாகிறது.

ஃபிளெக்ஸ் அடிக்கும் அண்ணன்மார் கவனிக்க: நல்ல தடித்த எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. வெளிக்கோட்டை விட்டுவிடுங்கள்.