ஸ்கோர் எழுதிய அண்ணன்

2024 செப்டம்பர். ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்திலும், பாரிஸ் பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் நம்ம சேலத்து மாரியப்பன் தங்கவேலு வெண்கலம் வாங்கிய ஹைலைட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் பெண். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். பாதித் தமிழ், பாதிக் கன்னடம்.

"அப்பா, ஊர்ல இருக்கிற பெரியப்பாவுக்கும் கால் இப்படித்தானே? அவர் ஏன் விளையாடலை?"

அவள் சொன்னது என் பெரியப்பா மகனை. ரெண்டு வயசில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. பாளையங்கோட்டையில் நாங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவார். ஒரு ரன் தப்பாது. பந்து திண்ணைப் பக்கம் வந்துவிட்டால் உட்கார்ந்தபடியே எடுத்து எறிவார். நேராக ஸ்டம்பில் போய் விழும். கை அவ்வளவு பலம். "அண்ணன் இல்லாம மேட்ச்சே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் ஒரு நாள்கூட அவரை டீமில் சேர்த்ததில்லை.

"அப்பல்லாம் இந்த மாதிரி விளையாட்டே கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அப்புறம் தேடிப் படித்ததில்தான் தெரிந்தது, நான் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று.

கதை இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கிறது. அதற்கும் முன்பே, 1924-ல், காது கேளாதவர்களுக்கென்று பாரிஸில் ஒரு சர்வதேசப் போட்டி நடந்திருக்கிறது. ஆனால் இன்றைய பாராலிம்பிக்ஸின் வேர் ஸ்டோக் மாண்டவில்தான்.

லுட்விக் குட்மான் ஒரு யூத நரம்பியல் டாக்டர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939-ல் குடும்பத்தோடு தப்பி இங்கிலாந்து வந்தவர். 1944-ல் அந்த ஆஸ்பத்திரியில், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களுக்கான பிரிவை அவர் கையில் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் பெரும்பாலும் ஓரிரண்டு வருஷத்துக்குள் இறந்துவிடுவார்கள். கொன்றது குண்டு இல்லை. படுத்தே கிடப்பதால் வரும் புண்ணும், சிறுநீர்த் தொற்றும். குட்மான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். அப்புறம் உட்கார வைத்தார். அப்புறம் கையில் வில்லைக் கொடுத்தார்.

1948 ஜூலை 29. லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாள். ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். 14 ஆண்கள், 2 பெண்கள். 1952-ல் நெதர்லாந்திலிருந்தும் ஆட்கள் வர, அது சர்வதேசப் போட்டி ஆனது. 1960-ல் ரோமில் சுமார் 400 பேர். அதைத்தான் இப்போது முதல் பாராலிம்பிக்ஸ் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 1976-ல் டொரான்டோவில் கை கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் சேர்ந்தார்கள். 1988-ல் சியோலில், ஒலிம்பிக்ஸ் நடந்த அதே மைதானங்களில் இவர்களுக்கும் இடம் கிடைத்தது.

நம் நாட்டுக் கதையும் ஒரு சிப்பாயிடம்தான் ஆரம்பிக்கிறது. மகாராஷ்டிராக்காரர் முரளிகாந்த் பேட்கர், ராணுவத்தில் பாக்ஸர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சிகிச்சைக்காக நீந்தச் சொன்னார்கள். 1972-ல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் நீச்சலில் 37.33 விநாடியில் தங்கம்! பத்மஸ்ரீ எப்போது கொடுத்தார்கள் தெரியுமா? 2018-ல். 46 வருஷம் கழித்து. (எங்க பேங்க்லகூட எந்த ஃபைலும் இவ்வளவு நாள் பெண்டிங்ல இருந்ததில்லை சாமி!)

சரி, பெங்களூருக்கு வருவோம். என்னை உட்கார வைத்த பகுதி இதுதான்.

மாலதி கிருஷ்ணமூர்த்தி ஹொள்ளா. 1958-ல் இந்த ஊரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ. பெற்றோர் அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? நம்ம சென்னைக்கு. அங்கே ஒரு எலும்பு மருத்துவ மையத்தில் சுமார் 15 வருஷம் தங்கி, ஆபரேஷன் மேல் ஆபரேஷன் செய்துகொண்டு, படிப்பையும் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்து கல்லூரி முடித்து, சிண்டிகேட் பேங்கில் வேலைக்குச் சேர்ந்தார். (2020-ல் கனரா பேங்கோடு இணைந்துவிட்டதே, அதே சிண்டிகேட்தான்.) நம்ம ஜாதி! பேங்க் ஜாதியைச் சொல்கிறேன் :-)

வேலையும் பார்த்தார், விளையாடவும் செய்தார். சக்கர நாற்காலி ஓட்டம், அப்புறம் உட்கார்ந்தபடியே குண்டு, வட்டு, ஈட்டி எறிதல். 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் இந்தியாவுக்காகப் போனார். 2001-ல் பத்மஸ்ரீ. 'மாத்ரு ஃபவுண்டேஷன்' ஆரம்பித்து, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை வைத்து வளர்த்தார்.

உட்கார்ந்தபடியே எறிதல். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். அண்ணன் திண்ணையில் தினமும் சாயங்காலம் செய்துகொண்டிருந்தது அதுதானே? அது ஒரு போட்டி, அதற்கு மெடல் உண்டு, 600 கிலோமீட்டர் தள்ளி ஒரு பேங்க் ஊழியர் அதில் ஜெயித்துக்கொண்டிருக்கிறார் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பி.டி. மாஸ்டருக்கும் தெரியாது.

மாரியப்பனுக்கு அந்த மாஸ்டர் கிடைத்தார். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய பையன். அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். உயரம் தாண்டச் சொன்னது பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். பிறகு பெங்களூர்ப் பயிற்சியாளர் சத்யநாராயணா இங்கே அழைத்துவந்து பயிற்சி கொடுத்தார். 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பெங்களூர்ப் பெண்ணை அன்று சென்னை பார்த்துக்கொண்டது, சேலத்துப் பையனைப் பின்னால் பெங்களூர் பார்த்துக்கொண்டது. காவிரித் தண்ணீர்க் கணக்குக்கு நடுவில் இந்தக் கணக்கையும் ஒரு ஓரமாக எழுதி வைக்கலாம்.

நான் பி.காம்., அதனால் கொஞ்சம் நம்பர். 1968-ல் முதன்முதலாகப் போனதிலிருந்து 2016 ரியோ வரை, பாராலிம்பிக்ஸில் இந்தியா வாங்கிய மொத்த மெடல் 12. அதில் ஒன்று நம்ம ஹாசன் மாவட்டத்து கிரீஷா 2012 லண்டனில் வாங்கிய வெள்ளி. அப்புறம் டோக்கியோவில் மட்டும் 19. பாரிஸில் 29. அந்த 29-ல் நாலு தமிழ்நாட்டுக்கு: மாரியப்பன், பேட்மின்டனில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ.

திடீரென்று நம் ஊரில் திறமை பொங்கி வழிந்துவிட்டதா என்ன? திறமை அப்போதும் இருந்தது, திண்ணையில். இப்போது கூப்பிட ஆள் இருக்கிறது. பயிற்சிக்குப் பணம் வருகிறது, ஜெயித்தால் வேலை கிடைக்கிறது. மாலதிக்கு மாசச் சம்பளம் எவ்வளவு பெரிய ஊன்றுகோலாக இருந்திருக்கும் என்று ஒரு பேங்க்காரனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மெடல் என்பது க்ளோசிங் பேலன்ஸ். ஓப்பனிங் என்ட்ரி யாராவது ஒருத்தர் வந்து "நீ வா" என்று சொல்வது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டேன். ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"அண்ணே, சின்ன வயசுல உங்களுக்கும் ஆடணும்னு இருந்துச்சா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது.

"கூப்ட்டிருந்தா வந்திருப்பேம்லே" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஸ்கோர் நோட்டு இன்னும் இருக்கு. நீ அடிச்ச டக்கு எல்லாம் அதுல இருக்கு, பாத்துக்கோ."

சாயங்காலம் என் பெண்ணிடம், காலையில் சொன்னது தப்பு என்று சொன்னேன். விளையாட்டு இருந்தது, நாங்கள்தான் கூப்பிடவில்லை என்றேன்.

"எங்க அபார்ட்மென்ட்ல ஒரு பையன் வீல் சேர்ல உட்கார்ந்து பார்த்துட்டே இருப்பான்ப்பா" என்றாள். எனக்கு அந்தப் பையனைத் தெரியும். நாலு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். பேர்தான் தெரியாது.